ஓரத்தில் நிற்கும் நாய்: பழைய ஐரோப்பிய அச்சோவியங்களைப் பார்க்க ஒரு வழி

ஐரோப்பியக் கலை பற்றிய அறிமுக நூல்களில் நாயைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: நாய் என்றால் விசுவாசம். கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் படத்தில் காலடியில் நாய் இருந்தால் அது தாம்பத்திய விசுவாசம். கல்லறைச் சிற்பத்தில் இருந்தால் எஜமான விசுவாசம். இது தவறில்லை. 1531-ல் முதன்முதலாக அச்சாகி, பிறகு பலமுறை விரிவான பதிப்புகள் கண்ட ஆல்சியாட்டோவின் குறியீட்டுப் படநூலில் (ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பொருள் சொல்லும் நூல்) இதற்கு ஆதாரமே இருக்கிறது. மனைவியின் விசுவாசத்தைச் சொல்லும் படத்தில் பெண்ணின் காலடியில் ஒரு நாய். ஆனால் அதே நூலின் பிற்காலப் பதிப்புகளில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினால், நாய் நிலவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும். வீண் ஆவேசம் என்பது அதன் பொருள். நம் பக்கத்தில் சூரியனைப் பார்த்து நாய் குரைப்பதாகச் சொல்வோமே, அதேதான்.

ஒரே நூலிலேயே நாய்க்கு இரண்டு வேலை இருக்கும்போது, 1450 முதல் 1800 வரையிலான அச்சோவியங்கள் எல்லாவற்றுக்கும் ‘விசுவாசம்’ என்ற ஒரே விளக்கத்தை ஒட்டுவது எப்படிச் சரியாகும்? அந்தப் படங்களில் நாய் சொறிகிறது, தூங்குகிறது, மலம் கழிக்கிறது, மேசையிலிருந்து இறைச்சியைத் திருடுகிறது, போர்க்காலத் துண்டுப் பிரசுரத்தில் சூனியக்காரியின் துணையாகிறது. இவற்றில் விசுவாசம் எங்கே? என்னைக் கேட்டால், அச்சோவியத்தில் நாய் என்ன ‘குறிக்கிறது’ என்பதைவிட, அங்கே அது என்ன வேலை செய்கிறது என்று கேட்பதுதான் பலன் தரும். அந்த வேலைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கலைஞரின் கைத்திறனைக் காட்டுவது. மற்றொன்று, படத்தில் உள்ள மனிதர்கள் சொல்லாததைச் சொல்வது.

முதலில் கைத்திறன். அதற்கு அச்சோவியம் எப்படி உருவாகிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும்.

மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ படத்தை வெட்டி, மை தடவி, தாளை அதன்மேல் அழுத்தி எடுப்பது அச்சோவியம். ஒரே கட்டையிலிருந்து நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கலாம். ஓவியம் ஒரு பிரபுவின் சுவரில் தொங்கும். அச்சோவியம் சந்தைக்கு வரும், பைக்குள் போகும், நாடு தாண்டும். ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. வழக்கமான அச்சோவியத்தில் வண்ணம் கிடையாது. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. கறுப்பு மை ஒட்டிய இடம், ஒட்டாத இடம், அவ்வளவுதான். மற்ற எல்லாம் கோடுகளை எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு தடிப்பாகப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இப்போது நாயை நினைத்துப் பாருங்கள். முதுகில் அடர்ந்த ரோமம், வயிற்றில் மெல்லிய ரோமம், காதில் பட்டு, மூக்கில் ஈரம், விலாவில் எலும்பு. இத்தனையையும் வெறும் கறுப்புக் கோட்டால் காட்ட வேண்டும். அதுவும் நாய் பார்ப்பவருக்குத் தினமும் பழக்கமான உயிர். சிங்கத்தைத் தப்பாக வரைந்தால் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யாருக்கும் தெரியாது. நாயைத் தப்பாக வரைந்தால் கடைக்கு வரும் பையனுக்கே தெரிந்துவிடும்.

மரச்செதுக்கில் இந்தச் சோதனை கடினம். கோடு மேடாக நிற்க வேண்டும், சுற்றியிருக்கும் மரத்தையெல்லாம் குடைந்து எடுக்க வேண்டும். கோடு ரொம்ப மெலிந்தால் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் உடைந்துவிடும். அதனால் பழைய மரச்செதுக்கு நாய்களுக்கு ரோமம் குறைவு, உருவரை அதிகம். தூக்கிய வால், மடிந்த காது, திறந்த வாய் என்று வெளிக்கோட்டிலேயே நாய் முடிந்துவிடும்.

செப்புத் தகட்டுச் செதுக்கல் இதற்கு நேர் எதிர். பியூரின் என்ற கூர்மையான சிறு உளியைத் தகட்டில் தள்ளிக்கொண்டு போனால், அது செம்பை இழையாகச் சீவி எடுத்துக்கொண்டே போகும். விழும் பள்ளத்தில் மை தங்கும். உளியை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். ஒற்றை மயிரையும் தனியாகக் காட்டலாம், பொறுமை இருந்தால்.

மூன்றாவதாக ட்ரை பாயிண்ட் என்று ஒரு முறை உண்டு. உளியே வேண்டாம், கூரான ஊசியால் தகட்டை நேராகக் கீறினால் போதும். செம்பு வெளியே வராது. ஏர் உழுத சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதுபோல, கீறலின் ஓரத்தில் விளிம்பாக எழும்பி நிற்கும். அந்த விளிம்பிலும் மை பிடித்துக்கொள்வதால், தாளில் கோட்டின் ஓரம் கலைந்து மெத்தென்று விழும். ரோமத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோடு கிடையாது. குறை என்னவென்றால், அந்த விளிம்பு சில பிரதிகளிலேயே நசுங்கிப் போய்விடும்.

இந்த முறையில்தான், எனக்குத் தெரிந்து நாய்க்காகவே போட்ட மிகப் பழைய படங்களில் ஒன்று கிடைக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ரைன் நதிப் பிரதேசத்தில் வேலை செய்த ஒரு கலைஞர், பெயர் யாருக்கும் தெரியாது. ‘ஹவுஸ்புக் மாஸ்டர்’ என்று அழைக்கிறார்கள். அவருடைய அச்சோவியங்களில் இன்று தெரிந்தவை 90 அளவில்தான். அவற்றில் பெரும்பகுதி ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றில், ஒரு நாய் தன்னைச் சொறிந்துகொள்கிறது. புனிதர் இல்லை, வேட்டைக்காரர் இல்லை, கதை இல்லை. சொறிகிற சுகத்தில் உடம்பு வளைந்திருக்கும் விதம் மட்டும் இருக்கிறது. மாதாவையும் புனிதர்களையும் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இதை ஒருவர் தகட்டில் கீறத் தகுந்த விஷயமாக நினைத்திருக்கிறார். அங்கே நாய் எதற்கும் சின்னம் இல்லை.

டியூரரின் ஐந்து நாய்கள்

ஆல்பிரெக்ட் டியூரர் (1471–1528) நியூரம்பர்க்காரர். அவருடைய செப்புத் தகட்டுப் படங்களிலேயே மிகப் பெரியது, ஏறத்தாழ 1501-ல் செய்த ‘புனித யூஸ்டேஸ்’. உயரம் சுமார் 35 சென்டிமீட்டர். கதை எளிது. ரோமானியப் படைத்தலைவன் ஒருவன் வேட்டைக்குப் போகிறான். துரத்திய மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து தெரிகிறார். அவன் குதிரையை விட்டிறங்கி மண்டியிடுகிறான்.

படத்தைப் பார்த்தால் கண் முதலில் போவது அற்புதத்தின் பக்கம் இல்லை. மான் பின்னால், மரங்களுக்கிடையே, சிறிதாக இருக்கிறது. முன்னால், நமக்கு மிக அருகில், ஐந்து வேட்டைநாய்கள். ஒன்று நிற்கிறது, ஒன்று உட்கார்ந்திருக்கிறது, ஒன்று படுத்திருக்கிறது. மானைத் துரத்தும் பரபரப்பு எதுவும் அவற்றிடம் இல்லை. ஐந்தும் ஐந்து கோணத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. இது தற்செயல் இல்லை. வேட்டைநாயைப் பக்கவாட்டில், முன்னாலிருந்து, திரும்பிய நிலையில் எப்படிக் காட்டுவது என்பதற்கு மாதிரிப் பலகை மாதிரியே இருக்கிறது. மற்ற ஓவியர்களும் அப்படித்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். டியூரரின் இந்த நாய்களைப் பார்த்து வரைந்தவர்கள் பலர். இத்தாலியக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரிகூட, இந்தப் படத்தைச் சொல்லும்போது நாய்களின் அழகைத்தான் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டுகிறார்.

பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம், ரைக்ஸ் அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையதளங்களில் இந்தப் படங்கள் துல்லியமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. யூஸ்டேஸைத் திறந்து, நாய்களில் ஏதாவது ஒன்றின் விலாப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்திலிருந்து வழவழப்பான தோலாகத் தெரிந்த இடம், கிட்டப் போனால் நூற்றுக்கணக்கான குட்டிக் கீறல்களாகப் பிரியும். உடம்பு வளையும் இடத்தில் கீறலும் சேர்ந்து வளையும். வெளிச்சம் விழும் முதுகில் கீறலே இல்லாமல் தாள் அப்படியே விடப்பட்டிருக்கும். குறுக்காக இன்னொரு வரிசைக் கீறல் விழுந்தால் அங்கே நிழல். சாம்பல் நிறமே இல்லாத ஊடகத்தில் சாம்பல் நிறம் எப்படி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

டியூரரின் நாய் பற்றி அந்தக் காலத்திலேயே ஒரு கதை உலாவியது. கவிஞர் கொன்ராட் செல்டிஸ் 1500 வாக்கில் எழுதிய ஒரு சிறு லத்தீன் கவிதையில், டியூரர் தன் உருவத்தைத் தானே வரைந்து வைத்திருந்தாராம். அவருடைய நாய் அதை எஜமானர் என்றே நம்பி முகத்தை வைத்துக் கொஞ்சியதாம். நடந்ததோ இல்லையோ. ஸியூக்ஸிஸ் வரைந்த திராட்சையைப் பறவைகள் கொத்த வந்தன என்ற பழைய கிரேக்கப் புகழ்ச்சியின் ஜெர்மன் வடிவம் இது. ஆனால் பறவையின் இடத்தில் வளர்ப்பு நாய் வந்து உட்கார்ந்ததைக் கவனியுங்கள். வீட்டு நாய் ஏமாந்தால்தான் நகரத்து வாசகனுக்கு நம்பிக்கை வரும்.

விசுவாச விளக்கம் எங்கே உடைகிறது என்று பார்க்க, டியூரர் 1513, 1514-ல் செய்த மூன்று பெரிய தகட்டுப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். மூன்றிலும் நாய் உண்டு. ‘வீரன், மரணம், சாத்தான்’ படத்தில் குதிரையோடு சேர்ந்து நீள ரோம நாய் ஒன்று காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடுகிறது. மரணம் மணற்கடிகாரத்தைக் காட்டுகிறது, பின்னால் சாத்தான் வருகிறான், நாய் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே விசுவாசம் என்று சொன்னால் பொருந்தும். ‘புனித ஜெரோம் தன் அறையில்’ படத்தில் சிங்கமும் நாயும் பக்கத்துப் பக்கத்தில் கண் சொக்கிக் கிடக்கின்றன. அந்த அறையின் வெயிலையும் அமைதியையும் அவைதான் நமக்கு உணர்த்துகின்றன. மூன்றாவது ‘மெலன்கோலியா 1’. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் சிறகுள்ள உருவத்தின் அருகே, எலும்பு தெரிய மெலிந்த ஒரு நாய் சுருண்டு கிடக்கிறது. அக்கால மருத்துவத்தில் மெலன்கோலியா என்பது கரும்பித்தத்தால் வரும் மனச்சோர்வு நிலை, அதன் இருப்பிடம் மண்ணீரல். ஹோராப்போல்லோ என்ற பெயரில் கிடைத்த, எகிப்திய எழுத்துகளுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலில், நாய் மண்ணீரலுக்கும் தீர்க்கதரிசிக்கும் அடையாளமாக வரும். அந்த நூலை லத்தீனில் மொழிபெயர்த்தவர் டியூரரின் நெருங்கிய நண்பர் பிர்க்ஹைமர். படம் வரைந்து கொடுத்தவர் டியூரரே. ஆக, ஒரே கலைஞர், இரண்டே ஆண்டுகள், மூன்று நாய்கள், மூன்று வேலைகள்.

கோல்ட்சியஸும் பையனும்

கைத்திறன் என்று வந்தால் 1597-ல் ஹார்லெம் நகரில் ஹெண்ட்ரிக் கோல்ட்சியஸ் செய்த ஒரு படத்தைத் தாண்டிப் போகவே முடியாது. வெனிஸில் வாழ்ந்த டிர்க் டி ஃப்ரீஸ் என்ற டச்சு ஓவியரின் மகன் ஃப்ரெடெரிக், கோல்ட்சியஸின் பொறுப்பில் வளர்ந்தவன். பையன் கையில் ஒரு புறா. பக்கத்தில் கோல்ட்சியஸின் சொந்த நாய். பையன் அதன்மேல் ஏறிக்கொள்ளப் பார்க்கிறான். பெரிய மனிதர்கள் குதிரையில் ஏறி, கையில் வல்லூறை வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். இந்தக் குட்டிக்குக் குதிரைக்குப் பதில் நாய், வல்லூறுக்குப் பதில் புறா. விளையாட்டு வேட்டை.

பெயரளவில் இது பையனின் உருவப்படம். ஆனால் படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பது நாய்தான். அதன் ரோமத்தில் கோல்ட்சியஸ் செய்திருப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அவருடைய கோடு ஒரே தடிப்பில் ஓடுவதில்லை. ஊசிமுனையாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மீண்டும் மெலிந்து முடியும். ஒவ்வொரு கோடும் ஒரு கற்றை ரோமம். முதுகில் அலையலையாக, காதில் சுருளாக, காலில் குட்டையாக, அந்தந்த இடத்துக்கு அந்தந்தக் கோடு. பக்கத்தில் பையனின் பட்டுச் சட்டைக்கும் அதே உளிதான், ஆனால் வேறு கோடு. ஒரே கறுப்பு மையால் பட்டு வேறாகவும் ரோமம் வேறாகவும் தெரிகிறது.

இந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. கோல்ட்சியஸ் குழந்தையாக இருக்கும்போது நெருப்பில் விழுந்து வலது கை வெந்துபோனது. விரல்களை முழுதாக நீட்ட முடியாமல் போய்விட்டது. அந்தக் கையை அவரே 1588-ல் வரைந்திருக்கிறார், ஹார்லெமின் டைலர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விரலால் நுணுக்கமாக உளியைத் திருப்ப முடியாதவர், மொத்தக் கையையும் தோளையும் சேர்த்து உளியைத் தள்ளினார் என்றும், அந்த நீண்டு தடிக்கும் கோட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் சொல்வதுண்டு. முழுக் காரணமும் அதுவா என்று கேட்டால், எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. கை நன்றாக இருந்த மற்றவர்களும் பிறகு அந்தக் கோட்டைக் கற்றுக்கொண்டார்கள். எப்படியும், 1600 வாக்கில் அவர் உளியை வைத்துவிட்டு வண்ண ஓவியத்துக்குப் போய்விட்டார். அவருடைய ஓவியங்களைவிட இந்த நாய்தான் எனக்குப் பிடிக்கும்.

வேட்டைப் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எண்ணிக்கையில் நாய் அச்சோவியங்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. யான் ஸ்ட்ராடானஸ் வரைந்து ஆண்ட்வெர்ப்பில் பிலிப்ஸ் காலே வெளியிட்ட வேட்டைத் தொகுப்பில் மட்டும் 104 தகடுகள். ஆனால் பத்துப் படம் பார்த்தால் பாய்வது, கடிப்பது, சுற்றி வளைப்பது என்று எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும். விதிவிலக்காக ஒன்று. 1575-ல் லண்டனில் வெளிவந்த ‘தி நோபில் ஆர்ட் ஆஃப் வெனரி’ என்ற வேட்டை நூலின் மரச்செதுக்குகளில் எலிசபெத் அரசி வருகிறார். வேட்டைக்காரன் மண்டியிட்டு, மானின் புழுக்கையை அரசியிடம் காட்டுகிறான். எந்த மானைத் துரத்தலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அரசி 1603-ல் இறந்தார். 1611-ல் நூலை மறுபடி அச்சிட்டபோது ஆள்வது முதலாம் ஜேம்ஸ். புதுக் கட்டை வெட்டச் செலவாகும். என்ன செய்தார்கள்? கட்டையில் அரசி இருந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஜேம்ஸை வெட்டிய துண்டைச் செருகிவிட்டார்கள். சுற்றியிருந்தவை அப்படியே இருந்தன. அச்சுக்கட்டை என்பது சொத்து. தேய்கிற வரை அதைச் சும்மா போடமாட்டார்கள். இந்தப் பழக்கம் பின்னால் ஹோகார்த் என்ற லண்டன் கலைஞரிடம் மறுபடி வரும்.

இயற்கை வரலாற்று நூல்கள் இன்னொரு பக்கம். சூரிச்சில் கொன்ராட் கெஸ்னர் 1551-ல் தன் பெரிய விலங்கு நூலின் முதல் தொகுதியை வெளியிட்டபோது நாய்களும் மரச்செதுக்காக வந்தன. ஆங்கில மருத்துவர் ஜான் கேயஸ், பிரிட்டனின் நாய்களைப் பற்றி கெஸ்னருக்காக எழுதியது 1570-ல் தனி நூலாகவே வந்தது. வேட்டைநாய், காவல்நாய், பெண்களின் மடியில் உட்காரும் நாய், இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றும் சமையலறை நாய் என்று செய்யும் வேலையை வைத்துத்தான் கேயஸ் பிரிக்கிறார். இன்றைய இனப்பெயர்களை இந்தக் காலப் படங்களில் தேடுவது வீண் வேலை.

ரெம்ப்ராண்ட் ஏன் அதை அங்கே வைத்தார்

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம்: மனிதர்கள் சொல்லாததைச் சொல்வது. அதற்கு 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட்.

அவர் பெரும்பாலும் பயன்படுத்திய முறை எட்ச்சிங். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சைப் பூசி, ஊசியால் பூச்சை மட்டும் கீறி, அமிலத்தில் வைப்பது. கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். உளியைத் தள்ளும் சிரமம் இல்லை, தாளில் பேனாவால் கிறுக்குவதுபோல இஷ்டத்துக்கு வரையலாம். ‘தூங்கும் நாய்க்குட்டி’ என்று அவர் 1640 வாக்கில் செய்த படம் ஒன்று உண்டு. உயரம் சுமார் 4 சென்டிமீட்டர், அகலம் 8. எட்ச்சிங்கோடு கொஞ்சம் ட்ரை பாயிண்டும் சேர்ந்தது. குட்டி விழிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தக் கோடுகளில் தெரிகிறது.

ஆனால் முக்கியமான படம் 1633-ல் செய்த ‘நல்ல சமாரியன்’. கொள்ளைக்காரர்கள் அடித்துப் போட்ட ஒருவனை அந்நியன் ஒருவன் தூக்கி வந்து சத்திரத்தில் சேர்க்கிறான். கருணைக்கு உதாரணமாக இயேசு சொன்ன கதை. காயம்பட்டவனைக் குதிரையிலிருந்து இறக்குகிறார்கள், வாசலில் சமாரியன் சத்திரக்காரனிடம் பேசுகிறான். படத்தின் முன்பக்கம், நம் கண்ணுக்கு நேராக, ஒரு நாய் முதுகை வளைத்து மலம் கழித்துக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை உண்டு. குறியீடு தேடுகிறவர்களும் உண்டு. எனக்குத் தோன்றுவது எளிமையானது. இது தேவாலயத்து மேடையில் நடப்பது இல்லை, தெருவோரச் சத்திரத்தில் நடப்பது. அங்கே நாய் இப்படித்தான் இருக்கும். ஒருவன் உயிரைக் காப்பாற்றும் வேளையிலும் உலகம் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கிறது. கருணைக்குப் பின்னணி இசை எதுவும் கிடையாது என்பதை நாய் சொல்லிவிடுகிறது.

1651-ல் அவர் செய்த ‘பார்வையற்ற தோபித்து’ இதற்கு நேர்மாறு. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள தோபித்து ஆகமத்தில், தூர தேசம் போன மகன் தோபியாவோடு நாயும் போகும். அவர்கள் திரும்பி வரும் ஓசை கேட்டுக் கிழவர் எழுந்து கதவை நோக்கி விரைகிறார். பின்னால் இராட்டை சாய்ந்து கிடக்கிறது. நீட்டிய கை கதவுக்குச் சற்று தள்ளி, சுவர்ப் பக்கம் போகிறது. அவருடைய நிழல் சுவரில் விழுகிறது, அவருக்குத் தெரியாது. மகன் படத்தில் இல்லை. நாய் மட்டும் முந்திக்கொண்டு உள்ளே ஓடி வந்து காலைச் சுற்றுகிறது. மகன் வந்துவிட்டான் என்ற செய்தியை நமக்குச் சொல்வது அந்த நாய்தான். அதே நாய் கிழவரின் காலுக்குக் குறுக்கே வந்து தடுமாற வைக்கவும் செய்கிறது. விசுவாசம் என்ற சொல் இங்கே பொருந்தும்தான், ஆனால் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது பாருங்கள்.

தோபியாவின் நாய் அடுத்ததாக எதிர்பாராத இடத்தில் வருகிறது: இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில். மன்னர் தரப்புக் குதிரைப்படைத் தளபதி இளவரசர் ரூப்பர்ட் எங்கே போனாலும் வெள்ளை நாய் ஒன்றைக் கூட்டிப் போவார், பெயர் பாய் (Boy). அது சாதாரண நாய் இல்லை, சூனியக்காரி, துப்பாக்கிக் குண்டை வாயால் கவ்விப் பிடிக்கும் என்றெல்லாம் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. அவற்றில் சில, எதிர்த்தரப்பின் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்ய மன்னர் ஆதரவாளர்களே எழுதியவை என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வதந்திக்கு அப்புறம் சொந்தக் கால் முளைத்துவிட்டது. 1643-ல் வந்த ஒரு பிரசுரத்தில் ரூப்பர்ட்டின் நாயும் ‘தோபியின் நாய்’ பெப்பரும் எதிரெதிரே நின்று வாக்குவாதம் செய்கின்றன. இரண்டு பக்கத்து ஆட்களும் தங்கள் நாயை உசுப்பேற்றுகிறார்கள். 1644 ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூர் போரில் பாய் செத்துப்போனது. அதைக் கொண்டாடி ஒரு ‘இரங்கற்பா’ அச்சானது. முகப்பு மரச்செதுக்கில் படைவீரன் ஒருவன் நாயைச் சுடுகிறான், பக்கத்தில் சூனியக்காரி அழுகிறாள். வேலைப்பாடு மோசம். டியூரரின் நாய்க்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனால் ஒரு தனிப்பட்ட நாய், பெயரோடு, அரசியல் ஆளாக அச்சில் வருவதற்கு இது நல்ல ஆரம்பகால உதாரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ரூப்பர்ட்தான் அச்சோவிய வரலாற்றிலும் வருகிறார். போரில் தோற்று ஐரோப்பாவில் அலைந்தபோது, லுட்விக் ஃபான் சீகன் கண்டுபிடித்த மெசோடின்ட் முறையைக் கற்றுக்கொண்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1662-ல் ஜான் ஈவ்லின் தன் நூலில் அதை அறிவித்தார். இதில் தகடு முழுவதையும் முதலிலேயே சொரசொரப்பாக்கிவிடுவார்கள். அப்படியே அச்சிட்டால் முழுக் கறுப்பு. வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். கோடே இல்லாமல் மென்மையான சாம்பல் நிறம் கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாய், குதிரை ஓவியங்களை அச்சுக்கு மாற்ற இது பெரிதும் பயன்பட்டது.

ஹோகார்த்

வில்லியம் ஹோகார்த் வளர்த்தது பக் வகை நாய். அவற்றில் பிரபலமானதன் பெயர் ட்ரம்ப். ஆமாம், அந்தப் பெயர்தான். லண்டன் வாழ்க்கையைத் தொடர்கதையாக அச்சோவியங்களில் சொன்னவர் ஹோகார்த். அவற்றில் நாய்க்கு ஒரு நிரந்தரப் பாத்திரம் உண்டு. மனிதர்கள் நாகரிகமாகச் செய்வதை அது நாகரிகம் இல்லாமல் செய்து காட்டும். 1735-ல் வந்த ‘எ ரேக்ஸ் ப்ராக்ரெஸ்’ தொகுப்பின் ஐந்தாவது படத்தில், சொத்தைத் தொலைத்த இளைஞன் பணத்துக்காக ஒற்றைக் கண் கிழவியை மணக்கிறான். கீழே ஒரு பக் நாய், ஒற்றைக் கண் பெண் நாயிடம் சரசம் செய்கிறது. 1745-ல் வந்த ‘மேரேஜ் ஆ-லா-மோட்’ தொகுப்பில் முதல் படத்திலேயே இரண்டு நாய்கள் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒட்டாத மணமக்கள் அவற்றுக்குப் பின்னால். இரண்டாவதில் கணவனின் சட்டைப்பையிலிருந்து வேறொருத்தியின் தொப்பியை ஒரு குட்டி நாய் மோப்பம் பிடித்து இழுக்கிறது. வேலைக்காரர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கலாம், நாய் இருக்காது. கடைசிப் படத்தில் மனைவி விஷம் குடித்துச் செத்துக்கொண்டிருக்க, எலும்பும் தோலுமான நாய் மேசையிலிருந்து பன்றித் தலையை இழுக்கிறது.

1751-ல் வந்த ‘கொடுமையின் நான்கு கட்டங்கள்’ வேறு தொனி. சாதாரணத் தாளில் ஒரு படம் ஒரு ஷில்லிங், நல்ல தாளில் ஒன்றரை. தெருவில் விலங்குகளை வதைப்பவர்களைத் திருத்தவே இவற்றைச் செய்ததாக ஹோகார்த் எழுதியிருக்கிறார். முதல் படத்தில் டாம் நீரோ என்ற பையன் நாயைச் சித்திரவதை செய்கிறான், இன்னொரு பையன் அழுதுகொண்டே தன் பலகாரத்தைக் கொடுத்து நிறுத்தச் சொல்கிறான். அதே படத்தில் எளிதில் தவறவிடும் இன்னொரு காட்சி உண்டு. ஒரு பையன் நாயின் வாலில் எலும்பைக் கட்டுகிறான். நாய் அவன் கையை நக்குகிறது. நாய் என்றால் விசுவாசம் என்ற அந்தப் பழைய பாடத்தை ஹோகார்த் எடுத்து மனிதனுக்கு எதிராகவே திருப்பிவிட்ட இடம் இது. நான்காவது படத்தில் தூக்கிலிடப்பட்ட நீரோவின் உடலை மருத்துவர்கள் அறுக்கிறார்கள். தரையில் விழுந்த அவனுடைய இதயத்தை ஒரு நாய் தின்ன வருகிறது.

கடைசியாக ஒரு தகட்டின் கதை. 1749-ல் ஹோகார்த் தன் உருவப்படத்தைச் செதுக்கினார். நீள்வட்டச் சட்டத்தில் அவர் முகம், முன்னால் நாய். 1763-ல் கவிஞர் சார்ல்ஸ் சர்ச்சில் அவரைத் திட்டி ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். ஹோகார்த் பழைய தகட்டை எடுத்தார். தன் முகத்தைச் சுரண்டித் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் சர்ச்சிலைக் கரடியாகச் செதுக்கினார். பாதிரியாராகவும் இருந்தவர் என்பதால் கரடியின் கழுத்தில் கிழிந்த பாதிரிப் பட்டை, ஒரு கையில் பீர், இன்னொரு கையில் பொய்கள் எழுதிய கட்டை. ஒரே தகட்டில் இப்படி மாற்றம் செய்து எடுக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் அச்சோவியத் துறையில் ஒரு ‘நிலை’ என்பார்கள். பிரதிகளை வாங்குபவரும் விற்பவரும் எத்தனையாவது நிலை என்று முதலில் கேட்பார்கள். ‘தி ப்ரூசர்’ என்ற இந்த நிலையில் எஜமானர் காணாமல் போய்விட்டார். நாய் மட்டும் முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறது, சர்ச்சிலின் கவிதைப் புத்தகத்தின்மேல் சிறுநீர் கழித்தபடி.